அழுத்தம் மாறினால் அர்த்தம் மாறும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகள், வீட்டில் தமிழும் கடைவீதியில் சிங்களமும் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர். ஆங்கிலம் இணைப்பு மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. அம்மொழியைப் பிழையற எழுதும் மாணவருங்கூட, பேசும்போது இடறுவதுண்டு. காரணம் யாது? எந்தச் சொல்லை அழுத்துவது என்பதை அவர்கள் அறியாமையே.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். தாய் ஒருத்தி பறித்த கொழுந்து நேற்று நிறுக்கப்படவில்லை. அவள் மகன் தோட்டத் துரையிடம் சென்று, கணக்கப்பிள்ளையைக் குறித்து, 'ஹீ டிட் நொட் வெய் த லீஃப் யெஸ்டர்டே' என்று முறையிடுகின்றான்.

'ஹீ' என்பதை அழுத்தினால், 'அவர் நிறுக்கவில்லை. வேறொருவர் நிறுத்தார்' என்றே துரை கொள்வார். தாயின் ஒரு நாட் கூலி அந்த ஒரு சொல்லிலேயே போய்விடலாம். 'யெஸ்டர்டே' என்பதை அழுத்தினாலோ, நிறுத்தது வேறொரு நாள் என்று பொருள்படும். 'நிறுத்தேன்' என்று கணக்கப்பிள்ளை சாதித்திருந்தால், அதை மறுக்க 'நொட்' என்பதையே அழுத்த வேண்டும். எதையும் மறுக்காமல் செய்தியை மட்டும் தெரிவிப்பதாயின், இயல்பான அழுத்தம் 'லீஃப்' என்பதில் விழும். பொதுவாக வாக்கியத்தின் கடைசி முக்கியச் சொல்லே அழுத்தம் பெறும். 'யெஸ்டர்டே' போன்ற காலச் சொற்கள் பெரும்பாலும் அதைப் பெறுவதில்லை.

தமிழில் இவ்வேலையைப் பெரிதும் இடைச்சொற்கள் செய்கின்றன. ஏகாரத்துக்கு நன்னூல் கூறும் ஆறு பொருள்களுள் பிரிநிலையும் தேற்றமும் அடங்கும். 'அவரே நிறுத்தார்', 'நேற்றுத்தான் நிறுத்தார்' என்னும்போது ஒரு சிறு சொல்லே பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. எழுத்திலும் அது நிற்கும். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் குரலே அதைச் செய்கிறது. வேண்டிய சொல்லைச் சற்று உரத்து, உயர்த்தி, நீட்டிச் சொல்லி, ஏனையவற்றைத் தணிக்க வேண்டும். எல்லாச் சொற்களையும் ஒரே அளவாய்ச் சொல்வது நம் வழக்கம். அதனால் கேட்பவருக்கு எது முக்கியம் என்று விளங்காது போகிறது.

மாணவர்களே! இன்றிரவு பாடநூலின் ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சொல்லை அழுத்தி வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொன்றின் பொருளையும் பெற்றோருக்குத் தமிழில் கூறுங்கள். எங்கே ஏகாரம் வருகிறதோ, அங்கே ஆங்கிலத்தில் அழுத்தம் வரும் என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.