இரண்டு கிலோ விதை, நாலு கிலோ கடன்

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பந்தலையும் மேடையையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. விதை கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். வருகிற விவசாயி பெயரையும் ஊரையும் பதிந்துகொண்டால், பாரம்பரிய நெல் ரகம் ஒன்றில் இரண்டு கிலோ விதை கொடுப்பார்கள். அதற்குப் பணம் வாங்குவதில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அவர் அதே ரகத்தை நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். 2006-இல் திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கம் கிராமத்தில் தொடங்கிய வழக்கம் இது. வேளாண் கண்காட்சிகள் நாட்டில் ஏராளமாக நடக்கின்றன. டிராக்டர் கம்பெனிகளும் உரக் கம்பெனிகளும் கடை போட, கூட்டம் வந்து பார்த்துவிட்டுக் கலைந்துபோகும். இங்கே வந்தவர் கடனோடு வீட்டுக்குப் போகிறார். அந்தக் கடன்தான் இந்த விழாவின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிய, டெல்டாவில் என்ன தொலைந்தது என்று தெரிய வேண்டும். 1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தபோது நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 வந்தது, ஐ.ஆர். 8 வந்தது, பின்னால் வரிசையாக எத்தனையோ ரகங்கள் வந்தன. அன்று நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு. புதிய ரகங்கள் கூடுதலாக விளைந்தன, விவசாயியும் விரும்பித்தான் ஏற்றுக்கொண்டார். அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அதே காலத்தில், வைக்கோல் பிரி சுற்றி விதைக்கோட்டை கட்டி வீட்டில் வைத்திருந்த பழக்கம் மெல்ல நின்றது. விதை என்பது கடையில் வாங்கும் பொருளாகிவிட்டது.

நெல் விதைக்கு ஒரு குணம் உண்டு. நம் ஊர் வெக்கையில், சாதாரண மூட்டையில், ஓர் ஆண்டு தாண்டினாலே அதன் முளைப்புத் திறன் குறையத் தொடங்கும். இரண்டு மூன்று பருவம் விதைக்காமல் விட்டால் அந்த ரகம் அந்த வீட்டை விட்டுப் போய்விடும். ஊரில் எல்லா வீடுகளும் அப்படி விட்டால் ஊரை விட்டே போய்விடும். பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர் அறைகளில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. அது மிகப் பெரிய வேலை, அவசியமான வேலை. ஆனால் குளிர் அறையில் உறங்கும் நெல், இந்த இருபது ஆண்டுகளில் மழையும் வெயிலும் மாறியதை அறியாது. எந்த நிலத்தில் எந்த மாதத்தில் விதைப்பது, நாற்றை எத்தனை நாளில் பறிப்பது, எப்போது தண்ணீரை வடிப்பது என்ற அறிவும் அந்த அறையில் இல்லை. அது பயிரிடுகிறவர் கையில்தான் இருக்கிறது. ரகமும் வேண்டும், அந்தக் கையும் வேண்டும்.

2003-இல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை ஒரு நடைப்பயணம் நடத்தினார். அதில் கூட நடந்தவர்களில் ஒருவர் கட்டிமேடு ஆதிரெங்கத்து ஜெயராமன். வழியில் விவசாயிகள் கொடுத்த சில பழைய ரகங்களிலிருந்து அவருடைய தேடல் தொடங்கியது. ‘கிரியேட்’ அமைப்பின் ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கத்தில் இருந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார், குழியடிச்சான், தூயமல்லி, இலுப்பைப்பூச் சம்பா என்று அவர் மீட்ட ரகங்கள் 174. நம்மாழ்வார் வைத்த ‘நெல்’ ஜெயராமன் என்ற பெயரே நிலைத்தது. சேகரித்தவர்கள் வேறு பலரும் உண்டு. சேகரித்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் இந்தத் திருவிழாவின் வழியே கொடுத்துக்கொண்டே இருந்ததுதான் ஜெயராமனின் பெருமை. 174 ரகத்தையும் ஒரே பண்ணையில் ஆண்டுதோறும் கலப்பில்லாமல் விதைத்து எடுப்பது எவ்வளவு கடினம் என்று நெல் பயிரிட்டவர்களுக்குத் தெரியும். ஒரு வெள்ளம் வந்தால் அத்தனையும் போய்விடும். நூறு ஊர்களில் நூறு வயல்களில் இருந்தால் எங்காவது ஒன்று பிழைக்கும்.

இரண்டு கிலோ என்பது யோசித்து வைத்த அளவாகவே எனக்குப் படுகிறது. வழக்கமான நடவில் ஏக்கருக்கு இருபது முப்பது கிலோ விதை போடுவார்கள். ஒற்றை நாற்று நடவில் இரண்டு மூன்று கிலோவே போதும். ஆக, கையில் வாங்கிய பை ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு ஆகும். தயங்குகிறவர் அரை மாவில் போட்டுப் பார்க்கலாம். வீணானாலும் குடும்பம் கெட்டுவிடாது. நன்றாக வந்தால் அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதை அவர் வீட்டிலேயே இருக்கும். திருப்பித் தரும் நாலு கிலோ ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

விழா நாளும் அப்படித்தான். பெரும்பாலும் மே மாதக் கடைசியில் வைப்பார்கள். சம்பா அறுத்துக் காயவைத்த விதை கையில் இருக்கும் காலம். ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து டெல்டா முழுவதும் காத்திருக்கும் காலமும் அதுதான். ஆடியில் நாற்றங்கால் போட வேண்டியவர், எந்த ரகம் என்று முடிவெடுக்க வேண்டிய வாரத்தில் பந்தலுக்கு வருகிறார். அவருக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் மேடையிலிருந்து வருவதில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார். உங்கள் பக்கம் களர் நிலமா, அப்படியானால் குழியடிச்சான் போட்டுப் பாருங்கள் என்பார் வேதாரண்யத்துக்காரர். தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் என்றால் மடுமுழுங்கி என்பார் இன்னொருவர். காட்டுயானத்துக்கு ஆறு மாதம் வேண்டும், ஆள் உயரத்துக்கு மேல் போகும், உரம் போட்டால் சாய்ந்துவிடும், ஆகவே அடியுரமே வேண்டாம் என்று மூன்றாமவர் எச்சரிப்பார். 2004 சுனாமியில் நாகைக் கடலோர வயல்களில் உப்பு நீர் ஏறிய பிறகு, உவரைத் தாங்கும் பழைய ரகங்கள் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு எழுந்தது. அதற்குப் பதில் தெரிந்தவரும் கேட்க வேண்டியவரும் ஒரே இடத்தில் கூட ஆண்டுக்கு ஒரு நாளாவது வேண்டாமா?

இந்தக் கைமாற்றத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2001-இல் நாடாளுமன்றம் இயற்றிய பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும், வணிக முத்திரையில்லாமல் விற்கவும் உரிமை தருகிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்த வரி இந்த மேசையில்தான் நடைமுறையாகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வட்டாரங்களில் தென்னையும் கூரையும் சாய்ந்தன. மூன்று வாரத்தில், டிசம்பர் 6-ஆம் தேதி, புற்றுநோயால் ஜெயராமன் காலமானார். ஐம்பது வயதுதான். ஒரு மனிதரின் உழைப்பில் நடக்கும் விழாக்கள் அவரோடு முடிந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறோம். இது முடியவில்லை. காரணம் உணர்ச்சி மட்டும் என்று நான் நம்பவில்லை. விதை ஊர்களுக்குள் போயிருந்தது, திருப்பித் தர வேண்டியவர்கள் இருந்தார்கள், வாங்க வேண்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் கூடுவதற்கு ஒரு நாள் தேவைப்பட்டது, விழா தொடர்ந்தது. பிறகு தமிழ்நாடு அரசு வேளாண் நிதிநிலை அறிக்கையில், மரபு நெல் ரகங்களைக் காக்கும் இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

விழாவைப் பற்றி எனக்குக் கவலைகளும் உண்டு. எங்கே பாரம்பரிய அரிசி விற்றாலும் சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் அண்டாது என்று எழுதித் தொங்கவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. பட்டை தீட்டாத சிவப்பரிசியில் நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. அதைத் தாண்டி நோய் தீர்ப்பதாகச் சொன்னால், பொய் வெளிப்படும் நாளில் நெல்லின் மேலேயே நம்பிக்கை போய்விடும். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையில் நெல் இரண்டே வகை: பொது ரகம், சன்ன ரகம். ஆறு மாதம் நின்று விளைந்த காட்டுயானத்துக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. மகசூலும் குறைவு என்பதால் விவசாயி தானே அரைத்து, தானே ஆள் தேடி விற்க வேண்டும். அரைக்கப் போனால் பெரிய ஆலைகள் நாலைந்து மூட்டையைத் தனியாக எடுத்துக்கொள்ள மாட்டா. அரைத்துக் கொடுத்தாலும் சிவப்புத் தவிடு முழுவதும் தீட்டுப்பட்டுப் போய்விடும். திருவிழா விதையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. அதை விதைக்கிறவரைக் காப்பாற்ற, சிறு அளவில் அரைத்துக் கொடுக்கும் ஆலைகள் ஒவ்வொரு வட்டாரத்திலும் வர வேண்டும். அதற்கு அரசு மானியம் கேட்டு மேடையில் தீர்மானம் போடலாம், போட வேண்டும்.

இன்னொன்றையும் கேட்க ஆசைப்படுகிறேன். நடவு நட்டு, களையெடுத்து, கதிர் பார்த்துக் கலவனைப் பிடுங்கி எறிந்து, விதைக்கென்று நல்ல தாளாகப் பொறுக்கித் தனியே அடித்து வைப்பதில் பெண்களின் கை பெரிது. மாப்பிள்ளைச் சம்பாவின் சோகைக்கும் பூங்காரின் சோகைக்கும் வித்தியாசம் அவர்களுக்கு எட்டி நின்றே தெரியும். அவர்களை மேடையேற்றி, கதிரைக் கையில் கொடுத்து, எப்படிப் பொறுக்குவது என்று செய்துகாட்டச் சொல்ல வேண்டும். விதை வாங்க வருகிறவர்களில் இப்போது நகரத்து வேலையை விட்டு வந்தவர்களும், தாத்தாவின் நிலத்துக்கு முதன்முதலாகத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் திருப்பித் தரும் நாலு கிலோவில் வேறு ரகம் கலந்திருந்தால், அடுத்து வாங்குகிற இருவரின் வயலும் கெடும். ஆகவே விதைப் பையோடு அந்த ஒரு மணி நேரப் பாடத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவது நல்லது.