பகுதி ஒன்றும் பகுதி இரண்டும்: பி.ஏ. வரலாற்றில் மொழித்தாள் எதற்கு?

நண்பர் ஒருவரின் மகள் இந்த வருடம் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள். கல்லூரி திறந்து இரண்டு வாரம் ஆனதும் டைம்டேபிளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். கீழே ஒரு கேள்வி: "மாமா, நான் ஹிஸ்டரிதானே சேர்ந்தேன்? வாரத்துக்கு ஆறு மணி நேரம் தமிழ், ஆறு மணி நேரம் இங்கிலீஷ். இதெல்லாம் பிளஸ் டூவோட முடிஞ்சிடலையா?"

நியாயமான கேள்விதான். வரலாறு எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இதைக் கேட்காமலேயே மூன்று வருடத்தைக் கடந்துவிடுகிறார்கள். அவளுக்கு நாலு வரியில் பதில் போட ஆரம்பித்தேன், அது நீண்டுவிட்டது. அவளைப் போன்ற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதி 1 தமிழ், அல்லது அதற்குப் பதிலாக இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம் போன்ற வேறொரு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3-தான் நாம் சேர்ந்த பாடம்: வரலாற்று மையத்தாள்கள், அதோடு அல்லைடு என்று சொல்லும் துணைப்பாடங்கள். பகுதி 4-இல் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் தாள்கள், நான்-மேஜர் எலெக்டிவ் எல்லாம் வரும். பகுதி 5 என்பது நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., விளையாட்டு போன்றவை.

ஒவ்வொன்றும் உள்ளே வந்ததற்கு ஒரு கதை உண்டு. உதாரணமாக, சுற்றுச்சூழல் கல்வி எந்தத் துறை மாணவரையும் விடாமல் பிடிப்பதற்குக் காரணம், 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு. 'நான் முதல்வன்' பெயரில் வரும் திறன் வகுப்புகள் 2022-இல் தொடங்கிய மாநில அரசுத் திட்டம். இவையெல்லாம் எல்லாத் துறைக்கும் பொதுவானவை. மொழித்தாள்களும் அப்படித்தான்: பி.எஸ்சி. கணிதம் படிப்பவரும், பி.ஏ. வரலாறு படிப்பவரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தமிழ்ப் பாடத்தைக் கேட்கிறார்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல கல்லூரிகளில் வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. முதல் நான்கு பருவங்களில் அதில் 12 மணி நேரம் மொழிக்குப் போகிறது. ஆக, முதல் இரண்டு வருடத்தில் 40 சதவீத நேரம்; மூன்று வருடத்தையும் சேர்த்தால் நான்கில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் கிரெடிட் என்று பார்த்தால், ஒரு தாளுக்கு 3 வீதம் எட்டுத் தாளுக்கு 24. பட்டத்துக்கு வேண்டிய 140-இல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதாவது நேரம் அதிகம், எடை குறைவு.

இன்னொன்று. முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பது பகுதிவாரியாகத் தனித்தனியே கணக்கிடப்படுவதுதான் வழக்கம். எம்.ஏ. சேர்க்கையின்போது பெரும்பாலும் பகுதி 3 மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். இது தெரிந்ததும் பிள்ளைகள் என்ன முடிவெடுப்பார்கள்? "மொழித்தாளில் 40 எடுத்தால் போதும்." நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் அதே விதிக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. எல்லாப் பகுதியிலும் தேறினால்தான் பட்டம். வரலாற்றில் எழுபது சதவீதம் வாங்கிவிட்டு, பகுதி 2 ஆங்கிலத்தில் ஒரே ஒரு அரியர் வைத்துக்கொண்டு, பட்டம் கைக்கு வராமல் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். "40 எடுத்தால் போதும்" என்ற அலட்சியம் அதிகமாகக் கடிப்பது இவர்களைத்தான்.

சரி, தேறுவதற்காக மட்டும்தான் படிக்க வேண்டுமா? இல்லை என்பதுதான் என் பதில். அதற்கு ஒரு கல்வெட்டைக் காட்டுகிறேன்.

உத்திரமேரூர் எல்லோருக்கும் தெரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறை. "ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இப்போது கல்வெட்டில் உள்ள சொற்களைப் பாருங்கள். ஊர் முப்பது 'குடும்பு'களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய தமிழ் மட்டும் தெரிந்தவர் இதைக் 'குடும்பம்' என்று படித்துவிடுவார். ஆனால் இங்கே அது ஊரின் ஒரு பிரிவு, நம் கணக்கில் வார்டு. 'வாரியம்' என்றதும் நமக்கு மின்வாரியமும் குடிநீர் வாரியமும் ஞாபகம் வரும். கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வருவது சபையின் வேலைக்குழுக்கள். அடுத்து, குடத்தில் ஓலைகளைப் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். இதில் ஓட்டு எங்கே இருக்கிறது? இது குலுக்கல். பெயர் எழுதப்படத் தகுதி என்னவென்றால், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி. அது பிராமணர்களுடைய சபை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பெயர் கொடுக்க முடியாது என்ற விதியும் அங்கேயே இருக்கிறது. அதைப் படிக்கும்போது இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆக, "பழங்கால ஜனநாயகம்" என்ற ஒற்றை வரி சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிகிறது. பெருமைப்பட வேண்டியதும் அதில் இருக்கிறது, கேள்வி கேட்க வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் பார்க்க, நான்கு சொற்களுக்குச் சரியான பொருள் தெரிந்தால் போதும். வரலாற்றுத்தாள் "என்ன நடந்தது" என்று சொல்லும். அது எந்தச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது என்று சோதிக்க மொழி வேண்டும்.

இதைப் பகுதி 1 தமிழோடு இணைக்க முடியுமா? முடியும். பழைய எழுத்தில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைக்க வேண்டும் என்று இலக்கணத்தில் படிக்கிறோம். "எதற்கு இந்தத் தலைவலி" என்று தாண்டிப் போகிறோம். ஆனால் கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் எழுத்தில் தெரியாது. 'கொ' என்று இருப்பதைக் கொ என்பதா கோ என்பதா என்று சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இலக்கணச் சூத்திரம் கல்வெட்டு படிப்பவருக்கு ஒரு கருவி. வகுப்பில் இதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். சங்கப் பாடலில் வரும் ஊர்ப் பெயரும், தேவாரத்தில் வரும் தலப் பெயரும் அப்படித்தான்.

தமிழ்நாட்டின் வரலாற்றைத் தமிழ் கற்காமல் எழுத முடியாது என்று புரிந்துகொண்டவர்களில் ஜப்பானியரான நொபோரு கராஷிமா முக்கியமானவர். தமிழ் கற்று, சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் பட்டங்களையும் எண்ணிப் பிரித்து, நில உடைமை எப்படி மாறியது என்று காட்டினார். எ. சுப்பராயலுவோடு சேர்ந்து அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயர்க்கோவை 1978-இல் வெளிவந்தது. வேற்று நாட்டிலிருந்து வந்தவர் முயன்று பெற்ற கருவி நமக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைக்கிறது. நாம் அதைக் கடக்க வேண்டிய தாளாகப் பார்க்கிறோம்.

இனி பகுதி 2. "இங்கிலீஷ் வேலைக்கு உதவும்" என்பார்கள். உதவட்டும். ஆனால் வரலாற்று மாணவருக்கு அதைவிட நேரடியான பயன் உண்டு. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்திலிருந்து குவிந்திருக்கும் வருவாய்த்துறை ஆவணங்களில் பெரும்பகுதி ஆங்கிலம்தான். அது நாம் வகுப்பில் படிக்கும் சிறுகதை ஆங்கிலம் இல்லை. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். நடுவில் நடுவில் ஜமாபந்தி, கிஸ்தி, பட்டா, மிராசி, கர்ணம் என்று நம் ஊர்ச் சொற்கள் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். 'கட்சேரி' போல ஒன்று எழுதியிருந்தால் அது பாட்டுக் கச்சேரி இல்லை, அலுவலகம். ஆண்டு பசலியில் இருக்கும். பசலி 1300 என்றால் 590-ஐக் கூட்ட வேண்டும்: 1890-91. இதைத் தெரியாமல் எடுத்த குறிப்பு முழுவதும் வீண்.

கவனித்தீர்களா, அந்த ஆங்கிலத்தைப் படிக்கத் தமிழும் வேண்டியிருக்கிறது. இரண்டு தாளும் சந்திக்கும் இடம் அதுதான். எதிர்த்திசையிலும் இதே கதை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு தமிழில் உள்ளது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக 1904-க்கும் 1928-க்கும் இடையில் வந்தது. பலர் மேற்கோள் காட்டுவது அந்த மொழிபெயர்ப்பை. ஒரு நாளின் பதிவை மட்டும் இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். துபாஷியின் குரல் எங்கே மாறுகிறது என்று தெரியும்.

இப்போது சேர்க்கை நேரத்தில் எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். பகுதி 1-இல் எந்த மொழியை எடுப்பது? "பிரெஞ்சு எடு, மார்க் அள்ளலாம்" என்று சீனியர் சொல்வார். மார்க் வரலாம். புதுச்சேரி வரலாற்றில் நிஜமாகவே ஆர்வம் இருந்து, நான்கு பருவத்துக்குப் பிறகும் தொடர்வீர்கள் என்றால் பிரெஞ்சு அருமையான தேர்வு. செப்பேடுகளில் ஆர்வம் என்றால் சமஸ்கிருதமும் அப்படியே. வெறும் மார்க்குக்காக என்றால் வேண்டாம். பிளஸ் டூ வரை தமிழ் படித்தவர் பகுதி 1-இல் வேறு மொழி எடுத்தால், பகுதி 4-இல் எப்படியும் சிறப்புத் தமிழ் இரண்டு தாள் எழுத வேண்டும். தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ் இரண்டு தாள். அதோடு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போன்ற தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைகளையே திருத்துவார்கள். வரலாறு எடுப்பவர்களில் பாதிப்பேர் மனதில் இந்தத் தேர்வு இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

பகுதி 1-இல் தமிழ் எடுத்தவர்களுக்கு நான்-மேஜர் எலெக்டிவ் கிடைக்கும். எது சுலபம் என்று பார்க்காமல், தமிழ்த்துறை கல்வெட்டியலோ சுவடியியலோ நடத்துகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பகுதி 5-ஐயும் சும்மா விட வேண்டாம். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போகும் ஊரில் ஒரு கோயில் சுவரோ, ஏரி மதகில் ஒரு கல்லோ, நிலப் பத்திரம் வைத்திருக்கும் ஒரு தாத்தாவோ நிச்சயம் இருப்பார்கள்.

குறை மாணவர் பக்கம் மட்டும் இல்லை. எட்டு மொழித்தாளில் ஒன்றே ஒன்றைத் துறைக்கேற்ப மாற்றினாலே போதும். வரலாற்று மாணவருக்கு ஒரு பருவம் கல்வெட்டுத் தமிழ், இன்னொரு பருவம் ஆவண ஆங்கிலம். தனிப் பணம் வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். அந்த ஆறு மணி நேரம் ஏற்கனவே டைம்டேபிளில் இருக்கிறது. தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் உட்கார்ந்து பேச வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமையும் இருக்கிறது.

அது நடக்கும் வரைக்கும் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அவளுக்கு நான் அனுப்பிய பதில் கடைசியில் இவ்வளவுதான்: "தமிழ் வகுப்பில் புதுசா வர்ற ஒவ்வொரு பழைய சொல்லையும் ஒரு நோட்டில் எழுது. எதிரில் அது எந்தக் கல்வெட்டில், எந்த ஆவணத்தில் வருதுன்னு தேடி எழுது. வாரத்துக்கு அஞ்சு சொல். முதல் சொல் 'குடும்பு'."

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டாவது சொல்லாக 'காணி' எழுதியிருக்கிறாளாம். "மாமா, இது நில அளவா, உரிமையா?"

நல்ல கேள்வி. இரண்டும்தான். இன்றைக்குக் காணி நிலம் என்றால் ஓர் அளவு. சோழர் கல்வெட்டில் அது பரம்பரை உரிமையையும் குறிக்கும். எந்த இடத்தில் எது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் சேர்ந்திருக்கும் படிப்பு.