மனம் களைத்தால் யாரிடம் போவது?



போத்தனூரில் வாழும் நமக்கு ரயில் புதிதல்ல. கோவை சந்திப்பு வருவதற்கு முன்பே நம் ஊருக்கு ரயில் வந்துவிட்டது. ரயில்வேயின் சிக்னல் பட்டறையும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் தெருவில் ரயில்வேயில் பணியாற்றும் ஒருவரைப் பார்த்தால் ஒரு விவரம் கேட்டுப் பாருங்கள். ரயில் ஓட்டும் வேலைக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் பாடத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. கணினி முன் அமர்ந்து ஓர் உளவியல் தேர்விலும் தேற வேண்டும். நினைவாற்றல் எப்படி, கவனம் சிதறாமல் இருக்கிறதா, தூரத்தைச் சரியாக மதிப்பிட முடிகிறதா, சொன்ன குறிப்பைத் தவறாமல் பின்பற்ற முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றில் குறைந்தாலும் அந்த வேலை கிடையாது. ரயில் விபத்துகளைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பிறகு, 1960களிலேயே இதற்கென ஓர் உளவியல் பிரிவை இந்திய ரயில்வே தொடங்கியது.

இதற்குக் காரணம் எளிது. இஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை ஓட்டுகிறவரின் மனம் விழிப்பாக இல்லாவிட்டால் வண்டியில் இருக்கும் அத்தனை உயிர்களுக்கும் ஆபத்து. வேலையில் மனமும் ஒரு முக்கியமான கருவி என்பதை ரயில்வே அறுபது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது.

ஆனால் வேலைக்குச் சேரும்போது மனதைச் சோதிப்பது ஒன்று. சேர்ந்த பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்த மனதைக் காப்பது வேறு. இரவுப் பணி, கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் நோய், மேலதிகாரியின் ஏச்சு, கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோன வீடு - இவை எல்லாவற்றையும் அந்த ஒரே மனம்தான் சுமக்கிறது. அது களைத்துப் போனால் யாரிடம் போவது? இதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

சில எண்ணிக்கைகளை முதலில் பார்ப்போம். வேலை செய்யும் வயதில் உள்ளவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்கான கணக்கில் சொல்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுதோறும் இழக்கும் வேலை நாட்கள் 1,200 கோடி. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் 1,70,924 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலி. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களின் வரிசையில் இரண்டாவது இடம். இவர்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய அப்பா, அண்ணன், மகள், மருமகள்.

இவர்களில் எத்தனை பேர் இறப்பதற்கு முன்பு தங்கள் மனச்சுமையை யாரிடமாவது இறக்கி வைத்திருப்பார்கள்? நம் ஊர்ப் பக்கம் உடல்நலம் சரியில்லை என்றால் பத்துப் பேர் வந்து விசாரிப்பார்கள். மனம் சரியில்லை என்று சொன்னால், "ஏனுங்க, நல்லாத்தானே இருக்கீங்க, சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னும் சிலர் 'பைத்தியம்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமோ, முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்று வீட்டாரே மூடி மறைப்பார்கள். அதனால்தான் நோய் முற்றிய பிறகே பலர் வெளியே வருகிறார்கள்.

முதலில், யாரிடம் போவது என்பதில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்பின் மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். அவர்தான் மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சு, பயிற்சி, சோதனைகள் வழியாக உதவுகிறார். அவர்களில் மருத்துவ உளவியலாளர் என்பவர் அதற்கென்றே தனிப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர். அந்தப் பதிவு உண்டா என்று கேட்பதில் தவறில்லை. ஆற்றுப்படுத்துநர் என்பவர் குடும்பம், படிப்பு, வேலை போன்ற வாழ்க்கைச் சிக்கல்களில் வழிகாட்டுகிறார். நோய் கடுமையாக இருந்தால் மருந்தும் பேச்சும் சேர்ந்தே தேவைப்படும். மூவரும் ஒருவருக்கொருவர் அனுப்பி வைப்பதும் உண்டு.

சரி, உளவியலாளர் அறைக்குள் என்னதான் நடக்கிறது? மந்திரமும் இல்லை, மயக்கமும் இல்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவீர்கள். வாரம் ஒருமுறை, சில வாரங்கள். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு லேத் பட்டறையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் ஒருவர். ஒருநாள் அளவு தவறி ஒரு பீஸ் வீணாகிவிட்டது. மேஸ்திரி நாலு பேர் முன்னால் திட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலைக்குப் போகப் பயம். விடுப்பு எடுக்கிறார். விடுப்பு எடுத்தால் கூலி போகிறது. கூலி போனால் வீட்டில் சண்டை. சண்டை வந்தால் டாஸ்மாக். குடித்தால் மறுநாளும் வேலை இல்லை. இது ஒரு செக்கு. மாடு சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, ஓர் அடி முன்னே போவதில்லை.

உளவியலாளர் இந்தச் செக்கை ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்தப் பார்க்கிறார். "எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணத்தை எடுத்துத் தாளில் எழுதச் சொல்வார். இருபது ஆண்டுகளில் சரியாக முடித்த வேலைகள் எத்தனை, வீணானவை எத்தனை என்று கேட்பார். எண்ணம் வேறு, உண்மை வேறு என்பது அப்போது அவருக்கே தெரியவரும். அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறை இது. அடுத்து, தினமும் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம்: காலையில் குறித்த நேரத்தில் எழுவது, அரை மணி நேரம் நடப்பது, விட்டுப்போன ஒரு நண்பரைப் பார்ப்பது. மனம் தேறிய பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திருப்பதைவிட, செயலில் இறங்கினால் மனம் தேறும் என்பது இதன் அடிப்படை. கடன் இருந்தால் அதையும் பட்டியல் போட்டு, எதை முதலில் அடைப்பது என்று சேர்ந்தே பார்ப்பார். கடனை அவர் அடைக்க மாட்டார். ஆனால் கடனைக் கண்டு ஓடாமல் நேராகப் பார்க்கத் துணை நிற்பார்.

நீங்கள் சொன்னது வெளியே போகுமோ என்ற அச்சம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த இரகசியத்தை உங்கள் உரிமையாக ஆக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு.

வயதுக்கு ஏற்ப மனதின் சுமையும் மாறுகிறது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் வயது வந்தோரின் வாழ்வை மூன்று கட்டங்களாகப் பார்த்தார். இளமையில், நெருங்கிய உறவா தனிமையா என்ற கேள்வி. படித்து முடித்து ஐ.டி. கம்பெனியில் நுழையும் பிள்ளைகள், வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறவர்கள், புதிதாகத் திருமணமானவர்கள் இதைச் சந்திக்கிறார்கள். நடுவயதில், அடுத்த தலைமுறைக்கு எதையாவது உருவாக்கித் தருகிறோமா அல்லது தேங்கிப் போகிறோமா என்ற கேள்வி. ஒரு பக்கம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மறுபக்கம் அப்பாவின் மருந்துச் செலவு என்று இருபக்கமும் இழுபடும் வயது அது. முதுமையில், வாழ்ந்தது நிறைவா விரக்தியா என்ற கேள்வி. நேற்றுவரை ஷிப்ட் பார்த்து வாழ்ந்தவர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். இந்த ஒவ்வொரு திருப்பத்திலும் உதவி கேட்கலாம். நோய் வந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை.

வேலையிடம் பற்றியும் ஒரு சொல். 'பணிச்சோர்வு' என்பதை உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ஒரு நோயாக அல்ல, வேலையால் வரும் நிலையாகவே குறிக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி முழுவதும் வற்றிய களைப்பு, வேலைமீது வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. காரணம் வேலையில் இருக்கிறது என்றால், தொழிலாளியை மட்டும் மாறச் சொல்வது நியாயமல்ல. 1888இல் முதல் நூற்பாலை தொடங்கிய காலம் முதல் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வளர்ந்தது நம் கோவை. இன்று பட்டறையும், பவுண்டரியும், பனியன் கம்பெனியும் நடத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பத்துப் பேருக்கு வேலை தருகிற நீங்கள் பெரிய திட்டம் எதுவும் போட வேண்டாம். இரவுப் பணி முடித்தவரை அன்றே பகலிலும் நிறுத்தாதீர்கள். பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் ஓய்வை விட்டுக்கொடுக்காதீர்கள். காலை முதல் மாலை வரை மக்களுக்குத் தனியாக நீதி வழங்கிக் களைத்த மோசேயிடம், சுமையைப் பகிர்ந்துகொள் என்று அவர் மாமனார் இத்திரோ சொன்னதும் இதே அறிவுரைதான்.

"சாமி, நல்லா ஜெபம் பண்ணினா போதாதா? இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கு ஜெபிக்கிறோம், மாத்திரையும் போடுகிறோம். மனதுக்கும் அப்படித்தான். இறைவாக்கினர் எலியாவை எண்ணிப் பாருங்கள். பெரிய வெற்றிக்குப் பிறகு, ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து சாவைக் கேட்டார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார். உறங்க விட்டார். மீண்டும் எழுப்பி உண்ண வைத்தார். ஓரேபு மலையில் ஆண்டவர் அவரைக் கேள்வி கேட்டுப் பேச வைத்தார். பின்னர் செய்ய ஒரு பணியும், துணைக்கு எலிசாவையும் தந்தார். உணவு, உறக்கம், மனம்விட்டுப் பேச ஓர் இடம், சிறு பணி, ஒரு துணை. உளவியலாளர்கள் இன்று தருவதும் ஏறக்குறைய இவைதான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமது 42ஆம் வயதில் ஆறு மாத காலம், வாரம் ஒருமுறை ஒரு யூதப் பெண் உளப்பகுப்பாய்வாளரிடம் சென்றதை 2017இல் வெளிவந்த ஒரு நேர்காணல் நூலில் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு குருவாக இருந்தவர் அதை வெட்கமாக நினைக்கவில்லை. நாம் ஏன் நினைக்க வேண்டும்?

பணம் இல்லையே என்கிறீர்களா? கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேட்கலாம். வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. தமிழிலேயே பேசலாம். மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களுக்கு, உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. எனவே போலீஸ் கேஸுக்குப் பயந்து யாரையும் வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

இறுதியாக, நம்மால் என்ன முடியும்? கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பு, மனநலப் படிப்பு இல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு முறை ஆலோசனை தர வைத்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் வந்தவர்களில் அதிகம் பேர் தேறினார்கள். ஜிம்பாப்வே நாட்டில் பாட்டிமார்களே பயிற்சி பெற்று, மருத்துவமனை வாசலில் மரப் பெஞ்சில் அமர்ந்து இதைச் செய்கிறார்கள். அப்படியானால் நம் அன்பியங்களாலும், வின்சென்ட் தே பவுல் சபையாலும் செய்ய முடியாதா? வீடு சந்திக்கப் போகும்போது ரேஷனையும் மருந்தையும் விசாரிக்கிறோம். தூக்கத்தையும் விசாரிப்போம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவர் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அருகில் போய் உட்காருங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாறாக, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416ஐ அழையுங்கள், மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். போய் வா என்று அனுப்புவது எளிது. உடன் போவதுதான் உதவி.

இந்த வாரம் நம் அன்பியத்தில் அப்படி ஒருவரையாவது தேடிப் போய்ப் பார்ப்போம். களைத்தவருக்கு அப்பமும் துணையும் தந்த ஆண்டவர், அவர்களையும் அவர்களுக்குத் துணை நிற்கும் நம்மையும் ஆசீர்வதிப்பாராக.