தெளிவு குறைந்த கல்வெட்டுப் படங்களும் செயற்கை நுண்ணறிவுப் பெருக்கமும்: திருநாதர் குன்றை முன்வைத்து

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அக்குன்றில் உள்ளது. 'ஐ' என்னும் உயிரெழுத்து வடிவம் முதன்முதலாகக் காணப்படுவது இக்கல்வெட்டில்தான் என்பர் கல்வெட்டறிஞர். ஐம்பத்தேழு என்னும் எண்ணுப்பெயரின் முதலெழுத்து அது. ஓரெழுத்தின் வளைவே சான்றாக நிற்கும் இத்தகைய இடத்தில், சிறிய நிழற்படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிப் படிப்பது எந்த அளவுக்குத் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு படத்தில் ஓரெழுத்து 32×32 பிக்சல் பரப்பில் அமைந்திருப்பதாகக் கொள்வோம். அதிலுள்ள பிக்சல்கள் 1,024. நான்கு மடங்கு பெரிதாக்கினால் 16,384 ஆகும். அதாவது, பதினாறில் பதினைந்து பங்கு புதிதாகக் கணிக்கப்படுவது. பழைய இடைக்கணிப்பு முறைகள் அண்டைப் பிக்சல்களின் சராசரியைக் கொண்டு இடைவெளியை நிரப்பின. படம் மங்கலாயிற்று, ஆனால் புதிய கோடு எதுவும் தோன்றவில்லை. 2014இல் வெளிவந்த எஸ்.ஆர்.சி.என்.என். முதலாகப் பின்வந்த இ.எஸ்.ஆர்.கேன் (2018) போன்ற நரம்பு வலையமைப்புகள், தாம் பயின்ற படங்களின் பாங்கைக் கொண்டு இல்லாத நுணுக்கத்தை வரைகின்றன. இத்துறையில் பெரிதும் பயன்படும் டிவ்2கே தொகுப்பின் 800 பயிற்சிப் படங்களும் பொதுவான ஒளிப்படங்களே. வட்டெழுத்துக்கென உருவாக்கப்பட்டவை அல்ல.

தமிழ்க் கல்வெட்டுக்கு இதனால் நேரும் இடர் தனித்தன்மை உடையது. கல்வெட்டுகளில் மெய்யெழுத்துப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அது வருமிடம் எழுத்து வரலாற்றுக்குச் சான்று. இரைச்சல் நீக்கும் மென்பொருள் உண்மைப் புள்ளியைத் தூசியென அழிக்கலாம்; பாறைப் பொரிவைப் புள்ளியென வட்டமாகத் தீட்டலாம். பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ ஆகியவை ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றன. மங்கிய வடிவம் ஒன்றை மென்பொருள் கூர்மையான 'வ' ஆக்கித் தரும்போது, ஐயத்திற்குரிய இடம் ஐயமற்றதாகத் தோற்றமளிக்கிறது. மங்கலான படம் குறைந்தது தன் குறையை மறைப்பதில்லை.

2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், நகலெடுக்கும் எந்திரங்கள் ஆவணங்களில் 6 என்பதை 8 என மாற்றிப் பதிந்ததை வெளிப்படுத்தினார். அது செயற்கை நுண்ணறிவன்று, ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதும் சுருக்கமுறையின் விளைவு. ஆயினும் நோய் ஒன்றே: பிழை தெளிவாக அச்சாகியிருந்தமையால் ஒருவரும் ஐயுறவில்லை.

பெரிதாக்கிய படத்தை மீண்டும் சுருக்கி மூலத்தோடு ஒப்பிடுவது ஒரு சோதனை. அதுவும் போதாது, வேறுபட்ட இரு எழுத்துகள் சுருங்கும்போது ஒரே மங்கலைத் தரக்கூடும். ஒரே படத்தை இரண்டு மூன்று மென்பொருள்களில் இட்டு, அவை முரண்படும் எழுத்துகளை ஐயப் பாடமாகக் குறிப்பது இதனினும் பயனுடையது. அவை ஒத்துப்போவது மட்டும் பாடத்தை உறுதிசெய்யாது. மூலப்படத்தை உடன் வெளியிடுவதும், மென்பொருளின் பெயர், பதிப்பு, பெருக்க அளவு ஆகியவற்றைப் படக்குறிப்பில் தருவதும் இன்றியமையாதன. இராஜகிரிக் கோட்டையின் தொலைக்காட்சியை வகுப்பறைத் திரைக்குப் பெரிதாக்குவதில் தடையில்லை. பாடம் கொள்வதற்கோ மைப்படி வேண்டும். அல்லது பக்கவாட்டு ஒளியில், ஒளியின் திசையை மாற்றி மாற்றி எடுத்த புதிய படங்கள் வேண்டும். குன்று செஞ்சிக்கு அருகில்தான் இருக்கிறது.