இரட்டைக் கலத்தின் உடல்

சோழமண்டலக் கடற்கரையில் வாழும் மீனவர் பன்னெடுங்காலமாகக் கட்டுமரம் ஏறிக் கடலிற் சென்று மீன் பிடித்து வந்தனர். எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைச் சேர்த்துக் கயிற்றால் இறுகப் பிணைத்துவிட்டால் அதுவே கட்டுமரம். அதற்கு உட்குழிவு இல்லை. ஆதலின் அலை மேலேறிப் பாய்ந்தாலும் நீர் தங்குவதற்கு இடமில்லை. மரமே நீரினும் இலேசானது. ஆகையால் கவிழ்ந்தாலும் அது மூழ்குவதில்லை. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பயண நூலில் இக்கலத்தின் பெயரைக் குறித்துள்ளார். இவ்வாறு தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது.

புகுந்த சொல் பின்னர் வேறொரு கலத்திற்கு உரியதாயிற்று. ஒடுங்கிய உடல்கள் இரண்டை அருகருகே நிறுத்தி, இடையே மேடை அமைத்து இணைத்த கலங்களிற் பசிபிக் தீவினர் பெருங்கடலைக் கடந்து வந்தனர். அம்முறையைப் பின்பற்றி அமெரிக்கராகிய நத்தானியேல் ஹெரசாப் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்னும் கலம், 1876இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் ஏனைய கலங்களை வென்றது. வென்றபின், விதிக்குப் பொருந்தாத கலம் என்று விலக்கவும்பட்டது! இத்தகைய இரட்டைக் கலத்தையே இன்று உலகம் கட்டுமரம் என்னும் பெயரால் வழங்குகின்றது. பெயர் தமிழருடையது, வடிவம் பசிபிக் தீவினருடையது.

இக்காலத்தில் குடும்பத்தோடு கடலிலேயே வாழ்ந்து நாடு நாடாகச் செல்ல விரும்புவோர் பலர் இரட்டைக் கலத்தைத் தேர்கின்றனர். அவற்றுட் பல 12 மீட்டர் முதல் 18 மீட்டர் வரை நீளமுடையவை. கலம் கட்டுவிக்க முற்படுவோர் முதலில் விடை காண வேண்டிய வினா, அதன் உடலை அலுமினியத்தால் அமைப்பதா, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருளால் அமைப்பதா என்பதே. கரையோர மக்கள் ‘ஃபைபர்’ என்று வழங்குவது இப்பின்னதையே.

இவ்வினாவின் அருமை விளங்க வேண்டுமாயின், எடையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஓருடற் பாய்க்கலம் காற்றிற் சாயாதிருக்க அதன் அடியில் ஈயமோ இரும்போ பெரும் பாரமாக வைக்கப்படும். இரட்டைக் கலத்திற்கு அப்பாரம் வேண்டுவதில்லை. தன் அகலத்தாலேயே அது நிலைத்து நிற்கும். ஆயினும் அதன் உடல்கள் ஒடுங்கியவை. ஆதலின் ஏற்றப்படும் ஒவ்வொரு மூட்டையும் அவற்றை மேலும் நீரில் அழுத்தும். அழுந்திய கலம் விரைவை இழக்கும். இரண்டு உடல்களுக்கும் இடைப்பட்ட மேடை நீர்மட்டத்தை நெருங்க, அதன் அடிப்புறத்தை அலைகள் சம்மட்டி கொண்டு அடிப்பதுபோல் மோதும். உணவு, குடிநீர், எரிபொருள், நங்கூரச் சங்கிலி ஆகியவற்றைக் குறைக்க இயலாது. ஆகவே கலத்தின் உடல்தான் இலேசாக இருத்தல் வேண்டும்.

அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையுடையது. கலம் கட்டுவோர் தூய அலுமினியத்தைப் பயன்படுத்துவதில்லை. நூற்றுக்கு நான்கைந்து பங்கு மக்னீசியம் சேர்ந்த 5083 என்னும் எண்ணுடைய கலவையை அவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். அதன்மேல் காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடுப் படலம் தானே படிந்து உலோகத்தைக் காக்கும். ஆகையால் நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதிக்கு வண்ணம் பூசாமலே விட்டுவிடுவோரும் உளர்.

இவ்வுலோகத்தின் தலையாய சிறப்பு அதன் வளையும் இயல்பே. பாறையில் மோதினால் அது குழியும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீண்ட பின்னரே கிழியும். கண்ணாடி இழைத் தகடோ இரண்டு பங்களவு நீள்வதற்குள் முறிந்துவிடும். ‘தாரா’ என்னும் 36 மீட்டர் நீளமுள்ள ஓருடற் கலம் அலுமினியத்தால் ஆனது. அது 2006 செப்டம்பரில் வடதுருவக் கடலின் பனிப்பாளத்தில் வேண்டுமென்றே சிறைப்பட்டு, 500 நாட்களுக்கு மேல் பனியோடு மிதந்து, 2008 ஜனவரியில் வெளிவந்தது. பனி நெருக்கும்போது மேலே எழும்பும்படி அமைந்த உருண்டை வடிவமும் அதற்குத் துணைநின்றது.

அங்ஙனமாயின் எல்லாரும் அலுமினியத்தையே நாடாதது ஏன்? பற்றவைப்போர் கைத்திறனில் அதற்கொரு விடை இருக்கின்றது. மிக மெல்லிய தகட்டைப் பற்றவைத்தால் வெப்பத்தால் அது நெளிந்து கோணலாகிவிடும். பத்து மீட்டர்க் கலத்திற்கு மெல்லிய தகடே போதும் என்று கணக்குக் கூறும். பற்றவைப்பவரோ தடித்த தகடு வேண்டும் என்பார். அதனாற் சிறு கலம் வீணே எடை கூடுகின்றது. கலம் நீள நீள இக்குறை தேய்கின்றது. டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரிற் கட்டப்பட்ட 74 மீட்டர் அலுமினிய இரட்டைக் கப்பலொன்று, 1990இல் அட்லாண்டிக் பெருங்கடலை 3 நாள் 7 மணி 54 நிமிடத்திற் கடந்து பரிசு பெற்றது.

அலுமினியத்தின் மற்றொரு பகை செம்பு. உப்புநீரில் இவ்விரு உலோகங்களும் சேர்ந்தால் மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். கலத்தின் அடியில் தவறி விழுந்த செப்பு நாணயம் ஒன்றும் கேடு செய்ய வல்லது. சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்கப் பிற கலங்களுக்குப் பூசும் செப்புச் சாயம் இதற்கு ஆகாது. துறைமுகத்தில் அருகிலுள்ள கலங்களிலிருந்து கசியும் மின்னோட்டமும் தீங்கு விளைக்கும். ஆதலால் தனக்குப் பதிலாக அரிபட்டுத் தேயும்படி துத்தநாகக் கட்டிகளை உடலிற் பொருத்தி, அவ்வப்போது மாற்றுவர். வெயிலிற் சுடுவதும் குளிரில் உட்புறம் வியர்ப்பதும் இதன் இயல்பு. அதைத் தடுக்க உட்புறம் நுரைப்பொருள் பதிக்க வேண்டும்.

இனிக் கலப்புப் பொருளைக் காண்போம். இருப்புப்பாதையின் தண்டவாளத்தைக் கூர்ந்து நோக்குக. அதன் மேற்பகுதியும் அடிப்பகுதியும் தடித்திருக்க, நடுப்பகுதி மெலிந்திருக்கும். வளைவைத் தாங்கும் பணி இரு விளிம்புகளுக்கே உரியது. நடுப்பகுதியின் முதன்மையான வேலை, விளிம்புகளைப் பிரித்து நிறுத்துவதே. கலப்புப் பொருளாலான உடலும் இத்தகையதே. பிசினில் ஊறிய கண்ணாடி இழைத் துணிகள் வெளியே ஒரு தோலாகவும் உள்ளே ஒரு தோலாகவும் அமையும். இடையில் இலேசான பால்சா மரமோ நுரைப்பலகையோ நிற்கும். அச்சினுள் துணியையும் பலகையையும் அடுக்கி, மேலே உறையிட்டுக் காற்றை உறிஞ்சினால் பிசின் உள்ளே பாய்ந்து எங்கும் பரவி இறுகும். எடையோ குறைவு, விறைப்போ மிகுதி. ஓர் அச்சிலிருந்து பல கலங்கள் பிறப்பதால் விலையும் தணிகின்றது. பிரான்சின் மேற்குக் கரையிலும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலும் இவ்வகைக் கலங்கள் மிகுதியாகக் கட்டப்படுகின்றன.

இதன் குறையோ கண்ணுக்குத் தெரியாதது. தோலில் விழுந்த சிறு வெடிப்பின் வழியே நீர் கசிந்து பால்சா மரத்தை அடைந்தால், அது உள்ளுக்குள்ளே அழுகும். வெளிப்புறம் பளபளவென்றே இருக்கும். சந்தையில் மட்பாண்டம் வாங்குவோர் விரலால் தட்டி ஓசை கேட்பதுபோல, பழைய கலத்தை வாங்குவோர் சிறு சுத்தியலால் உடலெங்கும் தட்டிப் பார்க்கின்றனர். கணீரென்று ஒலித்தால் நலம். மழுங்கி ஒலித்தால் தோல் விட்டுப்போயிற்று என்று பொருள்.

எனினும் முறிந்ததைச் சீர்செய்வதில் இதற்கு எளிமை உண்டு. பிசினும் இழைத்துணியும் மீன்பிடி துறைகள் பலவற்றிற் கிடைக்கும். அலுமினியத்தைச் செப்பனிடவோ பழகிய கை, ஆர்கான் வாயு, ஏற்ற கலவைக் கம்பி, காற்று வீசாத இடம் ஆகிய யாவும் வேண்டும். தொலைதூரத் தீவுகளில் இவை அரியவை. 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் பந்தயத்திற் சென்ற கரியிழைக் கலமொன்று இந்தியப் பெருங்கடலின் பவளத்திட்டில் இரவில் மோதிற்று. அதன் பின்புறம் சிதைந்தது. அதிலிருந்த ஒன்பது பேரும் உயிர்தப்பினர். கலமும் மீட்கப்பட்டு, இத்தாலியிற் செப்பனிடப்பட்டு, 2015 ஜூனில் அதே பந்தயத்தின் இறுதிப் பகுதியிற் கலந்துகொண்டது.

உடலில் துளை விழுந்து நீர் நிறைந்தால் நேர்வது என்ன? நுரைப்பலகை செறிந்த கலம் கட்டுமரத்தைப் போலத் தன் பொருளாலேயே மிதக்கக்கூடும். ஏறியவர் அதைப் பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம். அலுமினியமோ நீரினும் 2.7 மடங்கு கனமானது. அது மிதப்பது தன் வடிவத்தாலேயே. ஆகையால் அதனை நீர்புகாத் தடுப்புச் சுவர்களாற் பல அறைகளாகப் பிரித்துவிடுவது கட்டாயம். துளைபடாமல் தாங்குவது ஒன்றின் வலிமை; துளைபட்ட பின்னும் தாங்குவது மற்றொன்றின் வலிமை. பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கும், வரைபடம் சரிவர அமையாத பவளக் கரைக்கும் செல்பவர் முன்னதை நாடுவதிற் பொருள் உண்டு. பருவக் காற்றோடு வெப்பநாட்டுத் தீவுகளைச் சுற்றிவர விரும்பும் குடும்பத்திற்குப் பின்னதே விரைவும் சிக்கனமும் தரும்.

கலம் மூப்படைந்தபின் மற்றொரு வேறுபாடு தோன்றுகின்றது. அலுமினியத்தை உருக்கி மீண்டும் தகடாக்கலாம். தாதுவிலிருந்து எடுப்பதற்கு வேண்டிய ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே அதற்குப் போதும். ஆதலின் பழைய உடலுக்கும் விலை உண்டு. இறுகிய பிசினோ மீண்டும் உருகாது. கைவிடப்பட்ட ஃபைபர் கலங்கள் துறைமுகங்களிற் குவிந்ததனால், பிரெஞ்சு நாடு அவற்றைத் திரட்டிப் பிரித்து அகற்றும் ஏற்பாடொன்றை 2019ஆம் ஆண்டிற் தொடங்கிற்று. அதற்காகும் செலவின் ஒரு பகுதி, புதுக்கலம் விற்போரிடமிருந்து பெறப்படுகின்றது.