தண்ணீர் வடிந்தது, ஈரம் வடிந்ததா?



"புயல் கரையைக் கடந்தது" என்று வானொலி அறிவித்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். முகாம்களில் தங்கியிருப்போருக்கு அதன்பின் ஒரே நினைவுதான்: எப்போது வீட்டுக்குப் போகலாம்? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 80,000க்கும் மேற்பட்ட மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார்கள். அவர்கள் வீடு திரும்பியபோது காற்று ஓய்ந்திருந்தது. ஆனால் தண்ணீர் முழுவதும் போய்விடவில்லை. தரையை விட்டு வடிந்த தண்ணீர் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். எங்கெங்கே? தேடிப் பார்ப்போம், வாருங்கள்.

சுவருக்குள்

செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பல உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றில் தண்ணீர் ஏறுகிறது. 3 கிலோ எடையுள்ள ஒரு செங்கல் 300 கிராம் தண்ணீரை எளிதில் உறிஞ்சிவிடும். இடுப்பளவு வெள்ளம் நின்ற ஓர் அறையில் 1,000 செங்கற்கள் நனைந்தன என்று வைத்துக்கொள்வோம். சுவருக்குள் இருப்பது 300 லிட்டர் தண்ணீர்!

இது ஆவியாக எவ்வளவு வெப்பம் வேண்டும்? ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 24 லட்சம் ஜூல். 300 கிலோவுக்குக் கணக்கிட்டால் 72 கோடி ஜூல், அதாவது 200 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் அடுப்பு ஒன்று இரவும் பகலும் எட்டு நாட்களுக்கு மேல் எரிய வேண்டும்.

வெப்பம் மட்டும் போதாது. ஆவி வெளியேற வழியும் வேண்டும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 36 கன மீட்டர் அறைக்கு இது ஏறத்தாழ ஒரு கிலோ. மழைக்காலத்துக் காற்றிலோ முன்பே 80 விழுக்காடு ஈரப்பதம் இருக்கிறது. எனவே கூடுதலாக அது ஏற்கக்கூடியது 200 கிராம்தான். 300 கிலோவும் போக, அறையின் காற்று 1,500 முறை மாற வேண்டும். கதவு சன்னல்களை ஏன் திறந்து வைக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறதல்லவா? மண்சுவராயின் இன்னும் கவனம் தேவை. ஈரம் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துவதால், மழை நின்ற பிறகும் அது இடிந்து விழலாம்.

சுவிட்சுக்குள்

அதே ஈரச் சுவரில்தான் சுவிட்சுப் பலகை இருக்கிறது. உலர்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரை இருக்கலாம். நனைந்தால் ஆயிரம் ஓம் அளவுக்குக் குறைந்துவிடும். ஓம் விதியைப் பயன்படுத்துங்கள். 230 வோல்ட்டில் உலர்ந்த உடலில் பாய்வது 0.0023 ஆம்பியர், நனைந்த உடலில் 0.23 ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும். ஆகவே மின்பணியாளர் சோதிக்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. மின்மாற்றி இரு திசையிலும் வேலை செய்யும். ஜெனரேட்டரை நேரடியாக வீட்டு இணைப்பில் சொருகினால், அந்த 230 வோல்ட் தெரு மின்மாற்றியில் ஏறி 11,000 வோல்ட்டாக மாறக்கூடும். "மின்சாரம் இல்லை" என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிர் அதனால் போகலாம்.

பட்டாசுக்குள்

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் சிவகாசியில் செய்த பட்டாசு எல்லாக் கடற்கரைக்கும் போகிறது. கஜா வந்தது தீபாவளி கழிந்த பத்தாம் நாள். கார்த்திகைக்கென்று மிச்சம் வைத்த பட்டாசுகள் வீடுகளில் இருக்கும் காலம் அது. "நனைந்த பட்டாசு வெடிக்காது, அடுப்பருகே காயவைக்கலாம்" என்று நினைப்பது பெருந்தவறு. வெண்ணொளி தரும் அலுமினியத் தூள் தண்ணீருடன் வினைபுரிந்தால் ஹைட்ரஜனும் வெப்பமும் வெளிப்படும். ஏராளமான தண்ணீரில் அந்த வெப்பம் பரவிப்போகும். குவியலாகக் கிடக்கும் ஈர மருந்திலோ வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தானே தீப்பற்றவும் கூடும். வறண்ட பருவநிலை கொண்ட சிவகாசிப் பகுதியில் இத்தொழில் வேரூன்றியதற்கு ஈரத்தின் இந்தப் பகையும் ஒரு காரணம். நனைந்த பட்டாசைக் காயவைக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே விலக்கி வைத்துப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு செங்கல்லை எடைபோடுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோடுங்கள். பிறகு நிழலில் வைத்து, நாள்தோறும் எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். மற்றொரு செங்கல்லையும் ஊறவைத்து, மூடிய பெட்டிக்குள் வைத்து ஒப்பிடுங்கள். பழைய எடை திரும்ப எத்தனை நாட்கள் ஆகின்றன? முகாமிலிருந்து வீடு திரும்பும் குடும்பம் எவ்வளவு பொறுமை காக்க வேண்டும் என்பதை அந்த வரைபடம் உங்களுக்குச் சொல்லும்.