பழைய டிரெய்லர்: எதைப் பழுது பார்ப்பது, எதை மாற்றுவது?

அறுவடை முடிந்து நெல்லும் அரிசியும் நகரத் தொடங்கும் நாட்களில், உத்திரமேரூர் வட்டாரத்தில் நம் சரக்கில் ஒரு பகுதி டிராக்டர் டிரெய்லரில்தான் வருகிறது. காஞ்சிபுரம் சாலையிலோ வந்தவாசி சாலையிலோ ஹப் உடைந்து, மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் காவல் இருந்த அனுபவம் நம்மில் சிலருக்கு உண்டு. பராந்தக சோழன் காலத்திலேயே ஏரியைப் பராமரிக்கத் தனி வாரியம் அமைத்த ஊர் இது. நம் டிரெய்லரைக் கவனிக்கத்தான் ஆளில்லை!

பழைய டிரெய்லர் என்றதும் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்துவிடுகிறோம். பணம் முதலில் போக வேண்டிய இடங்கள் ஹப்பும் கொக்கியும்தான்.

ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்டாலோ கழற்ற வேண்டியதுதான். ஓடி நின்றதும் ஹப்புகளைத் தொட்டுப் பார்த்தால், ஒன்று மட்டும் அதிகம் சுடுவதும் ஓர் அறிகுறி.

கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் உண்மை தெரியும். உருளைகள் நீலம் பாய்ந்திருந்தாலும், புள்ளி புள்ளியாக அரித்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். உள் பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, ஹப்பில் இறுகியிருக்கும் வெளி வளையத்தைப் பழையதாகவே விட்டுவிடும் சிக்கனம் வேண்டாம், இரண்டும் ஜோடி. பேரிங்கில் பொறித்த எண்ணைக் காட்டி, பில் போட்டு வாங்குவது நல்லது. நாமே வியாபாரிகள்; போலிச் சரக்கைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிரீஸை உருளைகளின் இடுக்குக்குள் அழுத்தி ஏற்ற வேண்டும். ஹப் முழுவதையும் அடைத்துவிட்டால் சூடேறும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சிறிது தளர்த்தி, காட்டர் பின்னைப் புதிதாகப் போடுவது முறை.

ஹப்பைத் திறக்கும்போதெல்லாம் கிரீஸ் சீலையும் மாற்றிவிடுங்கள். படகு ஏற்றும் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓடிவந்த சூட்டோடு ஹப் தண்ணீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் கால்வாயைக் கடக்கும் நம் வண்டிக்கும் இதே கதைதான்.

அடுத்தது கொக்கி. வளையத்தின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, பின்னும் நடுவில் மெலிந்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பின்னுக்குப் பதில் கையில் கிடைத்த கம்பியைச் சொருகி ஓட்டுவதை நாமே பார்த்திருக்கிறோம். பழைய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. இறக்கத்தில் கழன்றால் எதிரே வருபவர் கதி என்ன? வளையம் சட்டத்தோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மண்ணெண்ணெய் தடவிச் சற்று விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால், விரிசல் ஈரக் கோடாகத் தெரியும்.

ஒடிந்த ஸ்பிரிங் பட்டையை வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். சூட்டில் அந்த எஃகின் பதம் போய், பக்கத்திலேயே மறுபடி ஒடியும். பட்டையை மாற்றி, முதல் லோடு போய் வந்ததும் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். சட்டத்திலும் பக்கப் பலகைகளிலும் வெல்டிங் தாராளமாகச் செய்யலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பழைய டயர் வாங்கும்போது இதைப் பார்ப்பது லாபம்.

பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டரைச் சாக்கோ வைக்கோலோ மறைக்கக் கூடாது. இரவில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது ஒன்றே அடையாளம்.

பழுது பார்த்துவிட்டோம் என்று பத்து மூட்டை கூடுதலாக ஏற்றுவதும் நடக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. விவசாய உபயோகத்துக்கென்று பதிவான டிரெய்லரில் கடைச் சரக்கை வாடகைக்கு ஏற்றினாலோ, மூட்டைமேல் ஆட்களை உட்கார வைத்தாலோ, விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம். வாடகை பேசும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் பாலிசியையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.